தாய் டீ (பிக் டூ) என்ற சீட்டாட்டத்தில் பலமான கைகளை வரிசைப்படுத்த முடியுமா?

கையில் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் வந்தும் தோற்றிருப்பீர்கள், அந்த எரிச்சலில்தானே கேட்கிறீர்கள்? சரி, வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து சீட்டுக் கைகளில் கீழிருந்து மேலே: ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து எண்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்), ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றோடு ஒரு ஜோடி), ஒரே எண் நான்கோடு ஓர் உதிரி, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த ஐந்து). போக்கரிலிருந்து அப்படியே எடுத்தது. 52 சீட்டில் ஸ்ட்ரெயிட் 10,200 விதமாக அமையும், ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் ராயலையும் (பத்து முதல் ஏஸ் வரை) சேர்த்து வெறும் 40. தனிச் சீட்டு என்றால் இரண்டாம் எண் சீட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதிலும் ஸ்பேட் இரண்டு. அதற்குக் கீழே ஹார்ட், கிளப், டைமண்ட். (ஏஸ்-2-3-4-5 பெரியதா சிறியதா என்று சண்டைக்கு வராதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆனால் இந்த வரிசை மேசையில் விழுந்த சீட்டுக்குத்தான். கையை முதலில் காலி செய்பவர்தான் வெல்வார், அதனால் உங்கள் 13 சீட்டின் பலம் வேறு கணக்கு.

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தபோது எங்கள் பங்க்கில் (முகாமின் படுக்கை அறையில்) விளக்கணைக்கும் வரை இதுதான். காசு கிடையாது, நோட்டில் புள்ளி மட்டும், உடனே யாரும் அறிவுரையோடு வரவேண்டாம். ஒருநாள் எதிர்க்கட்டில்காரனுக்கு ஸ்பேடில் எட்டு முதல் குயின் வரை ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டைமண்ட் மூன்று என்ற சீட்டும் அவனிடம்தான். முதல் இறக்கத்தில் டைமண்ட் மூன்று இருந்தாக வேண்டுமே, அதனால் அந்த ஐந்தையும் இறக்க வழியில்லை, மூன்றைத் தனியாகப் போட்டான். என் கையில் ஸ்பேட் இரண்டு, மற்றதெல்லாம் ஜோடி, ஏஸ் ஜோடி உட்பட. உடனே ஸ்பேட் இரண்டை அடித்துப் பிடியை, அதாவது அடுத்த சுற்றைத் தொடங்கும் உரிமையை, வாங்கினேன். அப்புறம் ஜோடி, ஜோடி, ஜோடி. ஜோடி நடக்கும்போது ஐந்து சீட்டை நீட்ட முடியாது, நாங்கள் ஆடிய விதியில் குண்டு போடுவதெல்லாம் (பலமான ஐந்து சீட்டால் எதையும் வெட்டுவது) கிடையாது. அவன் பாஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் முடித்தபோது அவன் கையில் 12 சீட்டு. பத்துக்கு மேல் என்றால் எங்கள் கணக்கில் இரட்டிப்பு, 24 புள்ளி. "உனக்கு லக்டா" என்றான். லக்காம்! ஏஸுக்கு மேல் எதுவும் இல்லாத கையோடு பிடி யாரிடம் என்று பார்க்காமல் உட்கார்ந்தது யார்?

ஆகவே என் வரிசை: உதிரி குறைவாக, பிடி வாங்க ஒரு பெரிய இரண்டு உள்ள கை முதலில். இரண்டோடு ஃபுல் ஹவுஸ் அடுத்தது. இரண்டும் ஏஸும் இல்லாத ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் மூன்றாவதுதான். கணக்குப் புலிகள் மறுக்கலாம், நான் ஆடிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் வீட்டில் பேசினால் மாமா ஒருவர் "சீட்டு குடியைக் கெடுக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். சீனப் புத்தாண்டுக்கு நண்பர்கள் வந்தாலும் விடமாட்டார். சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமே வீட்டில் சொந்தபந்தத்தோடும் நண்பர்களோடும் ஆடுவதை அனுமதிக்கிறது, அதுவும் காசு வைத்து. ஆனால் சனிக்கிழமை ஆனால் ஃபோர் டி (நான்கு இலக்க லாட்டரி) வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். போன வாரம் என் கார் நம்பரை வாங்கிக்கொண்டு போனார், இன்னும் என்ன விழுந்தது என்று சொல்லவில்லை.