அறுபது எக்ஸ் லென்ஸும் அப்பாவின் வெள்ளி ரூபாயும்

கேள்வி: அப்பா விட்டுப்போன டப்பாவில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. சில, பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றியவை. நிதானமாகப் பார்க்கலாமென்று '60 எக்ஸ்' (அறுபது மடங்கு பெரிதாக்கும்) என்று பொறித்த மடக்கு லென்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். நடுவில் கொஞ்சம் தெரிகிறது, சுற்றிலும் கலங்கலும் வானவில் நிறமும்தான். இதைவிடப் பவர் கூடியது வாங்க வேண்டுமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வேண்டாம். குறைந்த பவரில் வாங்குங்கள்.

முதலில் கையிலிருக்கும் லென்ஸின் உண்மையான எண்ணைக் கண்டுபிடித்துவிடுவோம். மூடுபனி இல்லாத ஒரு காலையில், ஜன்னலிலிருந்து தள்ளி அறையின் இருட்டான பக்கத்தில் நின்று, ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எதிர்மலையும் தேயிலைச் சரிவும் தலைகீழாகத் தாளில் விழும். உருவம் தெளிவாக விழுகிற இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த எண்ணால் 25-ஐ வகுங்கள். 5 செ.மீ. வந்தால் 5 எக்ஸ். இரண்டரை வந்தால் 10 எக்ஸ். நிஜமாகவே 60 எக்ஸ் என்றால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டரில் விழ வேண்டும். காசை அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் வெளிச்சம் எந்த வழியாகப் போகும்? இப்படி 60 என்று விற்பதில் பெரும்பாலானவை அளந்தால் 10, 15-ஐத் தாண்டுவதில்லை. (வெயிலை மட்டும் குவித்துப் பார்க்காதீர்கள், தாள் பற்றிக்கொள்ளும்.)

உங்கள் ரூபாயின் குறுக்களவு 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 10 எக்ஸில் அதன் ஒரு பகுதிதான் ஒரு பார்வையில் அடங்கும். தேய்மானத்தையும் பளபளப்பையும் எடைபோட முகம் மொத்தமாகத் தெரிய வேண்டும். அதற்கு 3 முதல் 5 எக்ஸ் வரை போதும். ஆண்டு, புள்ளி, எழுத்தின் ஓரம் இவற்றுக்கு 7 அல்லது 10. ஒன்றுதான் வாங்குவேன் என்றால் என் ஓட்டு 7-க்கு. ஆனால் கடையில் சுலபமாகக் கிடைப்பது 10. வைரம் பார்ப்பவர்களின் அளவு அது. அதுவே கிடைத்தாலும் குறையில்லை.

எண்ணைவிட முக்கியம், 'டிரிப்லெட்' என்று கேட்டு வாங்குவது. மூன்று லென்ஸ்களைச் சேர்த்து ஒட்டிச் செய்தது அது. நீங்கள் சொன்ன வானவில்லும் ஓரக் கலங்கலும் அதில் பெரும்பாலும் அடங்கிவிடும். பெயரை நம்பாமல், கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கோடு ஓரம்வரை வளையாமல், கறுப்புக் கோட்டில் நீலமோ மஞ்சளோ ஒட்டாமல் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்கு இறங்கும்போது நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கையில் வாங்கிப் பார்த்து எடுப்பது, படத்தைப் பார்த்து வாங்குவதைவிட மேல். பளபளக்கும் உறையைவிடக் கறுப்பு உறை நல்லது, கண் கூசாது.

பலர் லென்ஸைப் பிடித்துக்கொண்டு காசின் மேல் குனிகிறார்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்து, கையைக் கன்னத்தில் அண்டக்கொடுத்து, காசை விளிம்பில் பிடித்து மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். மேசையில் ஒரு துண்டு விரித்திருக்கட்டும், கைதவறி விழுந்தாலும் அடிபடாது.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் வெளிச்சம். மூடுபனி வெளிச்சம் நாலாபக்கமும் சமமாக வருவதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் புடைப்பு தெரியாது. டியூப்லைட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒற்றை பல்பு மேசைவிளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். இதுவரை கண்ணில் படாத கீறலெல்லாம் ஒவ்வொன்றாக மின்னும். சாதாரண லென்ஸும் நல்ல விளக்கும் இருந்தால், நல்ல லென்ஸையும் மோசமான வெளிச்சத்தையும் ஜெயித்துவிடும்.

இனி எதைத் தேடுவது? ஆண்டு 1911 என்றிருந்தால் மன்னரின் அங்கியில் உள்ள யானையைப் பாருங்கள். தும்பிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றி மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்பி, 1912-இல் அச்சை மாற்றினார்கள். 'பன்றி ரூபாய்' என்ற பெயர் அப்படி வந்தது. பின்பக்கம் கீழே உள்ள தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி மேடாக இருந்தால் பம்பாய் அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் ஆலை) அடித்தது; இல்லாவிட்டால் கல்கத்தா. 7 எக்ஸுக்கு வேலை இங்கேதான்.

காசுமாலை ரூபாய்களின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வளையம் பற்றவைத்த இடத்தில் பற்றுப்பொடி உருகிய தடமோ, அரம் போட்டு வரிகள் மழுங்கிய பகுதியோ தெரியும். சேகரிப்பவர்கள் அதற்கு விலை குறைப்பார்கள். வீட்டுக்கு அதன் மதிப்பு வேறு. விளிம்பில் நீளவாக்கில் ஒட்டுக்கோடும், முகத்தில் ஊசிக்குத்து போன்ற குழிகளும் சேர்ந்து தெரிந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகப்படுங்கள். தராசும் உதவும்: ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது.

லென்ஸோடு வந்த தோல் உறையில் அதை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தோல் ஈரம் பிடித்து வைக்கும். கண்ணாடியில் பூஞ்சை வேர்விட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பா போதும். குளிர்காலையில் மூச்சுப்பட்டு மங்கினால், பார்ப்பதற்குமுன் ஐந்து நிமிடம் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

புது லென்ஸ் வரும்வரை கை சும்மா இருக்காது என்று தெரியும். புளியும் விபூதியும் மட்டும் வேண்டாம். விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளி வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்றிருக்கும். லென்ஸில் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடும் மயிரிழைக் கீறல்கள். டப்பாவில் ஏற்கெனவே அப்படி ஒன்றிரண்டு இருந்தால் அதுவும் இப்போது தெரிந்துவிடும்.