தலையாட்டாதே, தம்பி

தம்பி, மாணவர் விசாவில் லண்டன் வந்து ஒரு மாதம் ஆகிறது, வடக்கு லண்டனில் யூதர்கள் வேலை முடிந்து மாலையில் கூடிப் படிக்கும் ஒரு சின்ன நிலையத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். "எல்லாப் பிரிவினருக்கும் இடமுண்டு" என்று வாசலிலேயே போட்டிருக்கிறார்களாம். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, குளிர், நம் ஆட்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று மூன்று கேள்வி.

அந்த மூன்றையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வாடகை ஏறும், இறங்காது. குளிருக்கு முதலில் நல்ல ஷூ வாங்கு, கோட் அப்புறம். நம் ஆட்கள் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நிறைய. படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதே. "கையில் காசாகத் தருகிறேன், யாருக்கும் தெரியாது" என்று சொல்பவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார். என்னிடம் அப்படிச் சொன்னவர் இரண்டு மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை.

இனி உன் வேலைக்கு வருகிறேன். உன்னுடைய நிலையம் போன்ற ஒன்றில் நான் 14 வருடம் கணக்கு எழுதினேன்.

அறை நண்பர்கள் உன்னிடம், "யூதர்களா, காசு விஷயத்தில் ஜாக்கிரதை" என்று சொல்லியிருப்பார்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். நான் பார்த்த கணக்கில் ஒவ்வொரு மார்ச்சிலும் பற்றாக்குறை. கூரை ஒழுகியது, அதற்கு வசூல் செய்தோம். ஆசிரியர்களில் பாதிப்பேர் சம்பளமில்லாமல் வந்தார்கள்.

"எல்லோருக்கும் இடமுண்டு" என்றால் கட்டுப்பாடு குறைவு என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். மதியம் தயிர்சாதம் கொண்டுபோய் அங்கிருந்த மைக்ரோவேவில் சுடவைத்தேன். இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. நான் வைத்தது இறைச்சிப் பக்கம். சைவச் சாப்பாடுதானே, என்னால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஷோமர் என்று ஒருவர் வருவார், கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சமையலறை நடக்கிறதா என்று கண்காணிப்பவர். அவர் அந்த மைக்ரோவேவை அப்படியே நிறுத்திவைத்துவிட்டார். அன்று மாலை பன்னிரண்டு பேர் ஆறிய சூப் குடித்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டி கறிச்சட்டியைக் கொல்லைப்புறத்தில் தனியாக வைத்திருப்பாள், அடுப்படிக்குள் விடமாட்டாள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழெட்டுப் பேர் தங்கள் வீட்டில் கோஷர் பார்ப்பதில்லை. ஆனால் எல்லா விதியையும் கறாராகப் பார்க்கும் ஆர்த்தடாக்ஸ்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் சமையலறை அவர் கணக்கில்தான் நடக்க வேண்டும். விதிகளைத் தளர்வாகப் பார்க்கும் லிபரல் பிரிவு ஆட்களுக்கு அந்தச் சாப்பாட்டில் ஒரு நஷ்டமும் இல்லை. வகுப்பறையில் இது தலைகீழாகிவிடும். அங்கே அவர்களுடைய வேதமான தோராவைப் பற்றி, "தோரா முழுவதும் மோசேயிடம் கடவுள் தந்ததா, மனிதர் கையும் அதில் உண்டா?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதே ஆர்த்தடாக்ஸ்காரர் எழுந்து போகாமல் பதில் சொல்ல வேண்டும். இது லேசான விஷயமில்லை. லூயி ஜேக்கப்ஸ் என்ற ரப்பி, அதாவது யூத மதகுரு, மனிதர் கை உண்டு என்று எழுதியதற்காகத் தன் பழைய சினகாக்குக்கே, அதாவது தொழுகைக் கூடத்துக்கே, திரும்ப முடியாமல் போனது. அவருடைய ஆதரவாளர்கள் 1964இல் தனியாக ஒரு சினகாக் தொடங்கினார்கள். மசோர்த்தி என்ற பிரிவு இந்த நாட்டில் அதிலிருந்துதான் வளர்ந்தது. உன் நிலையத்துக்கு வரும் வயதானவர்கள் சிலருக்கு அந்தச் சண்டை நேற்று நடந்த மாதிரி இருக்கும்.

லிம்மூட் என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். 1980இல் சிறிய கூட்டமாகத் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் படிப்புத் திருவிழா. எல்லாம் தொண்டர்கள் செய்வது. சட்டையில் குத்தும் அட்டையில் பெயர் மட்டும்தான், ரப்பி, பேராசிரியர் எதுவும் கிடையாது. இன்று பாடம் சொன்னவர் நாளை உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அங்கேயும் சேர்ந்து படிப்பார்கள், தொழுகை மட்டும் அவரவர் முறைப்படி தனித்தனி அறையில். 2013இல் கடுமையான ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் சிலர் "அங்கே போகாதீர்கள்" என்று கடிதம் வெளியிட்டார்கள். அந்த வருடமே தலைமை ரப்பி எப்ராயிம் மிர்விஸ் போனார். நம் சங்கத்தில் என்றால் அந்தக் கடிதத்தோடு இரண்டாக உடைந்திருக்கும். பொன்னாடை யாருக்கு முதலில் என்பதற்காகப் பிரிந்த சங்கம் ஒன்றில் நானே பொருளாளராக இருந்திருக்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் நீ தடுக்கி விழுவாய். பாடத்துக்குக் கொடுக்கும் தாளில் ஒரு பக்கம் எபிரேயம், ஒரு பக்கம் ஆங்கிலம் இருக்கும். எபிரேயம் தெரியாதவர் வெட்கப்படாமல் உட்கார அதுதான் வழி. அதில் கடவுளின் பெயர் இருந்தால் குப்பையில் போடக்கூடாது. அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும், நிறைந்ததும் கொண்டுபோய் மண்ணில் புதைப்பார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஷப்பாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதனால் வெள்ளிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது, அதற்கு மேல் மின்னஞ்சல் அனுப்பி பதிலை எதிர்பார்க்காதே. வாசலில் காவலர் பையைத் திறக்கச் சொல்வார், தினமும். நம் நிறத்தைப் பார்த்துத்தான் சோதிக்கிறார்கள் என்று நான் முதலில் கோபப்பட்டேன். 2025 அக்டோபரில், அவர்களுடைய மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூர் அன்றே மான்செஸ்டரில் சினகாக் மீது தாக்குதல் நடந்தது. பையைத் திறந்து காட்டிவிட்டுப் போ. இஸ்ரேல் பற்றி அவர்களே ஒருவரோடொருவர் உரசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நீ தீர்ப்புச் சொல்லப் போகாதே.

ஆனால் பாடத்தைப் பற்றி உன்னிடம் கேட்டால் மட்டும் வாயைத் திற. பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவது நமக்கு மரியாதை, அவர்களுக்கு அது அவமானம். இதை நான் கற்றது ஹெண்டனில், 1998 குளிர்காலத்தில்.

அப்போது நான் பகலில் கணக்குப் பயிற்சி, இரவில் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். 1939இல் யூதக் குழந்தைகளை ரயிலேற்றி இங்கே அனுப்பினார்கள் அல்லவா, அதில் ஒன்பது வயதில் தனியாக வந்தவர். அப்பா அம்மா பிறகு வரவே இல்லை. பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற யூத அறிஞர் 1920இல் அந்த ஊரில் தொடங்கிய லேர்ஹவுஸ் என்ற படிப்பு வீட்டில் அவருடைய அப்பா படித்தாராம். தங்கள் மதத்தை மறந்தே போயிருந்த டாக்டர்களும் வக்கீல்களும் எபிரேய எழுத்திலிருந்து தொடங்கிய இடம். நாஜிகள் வந்த பிறகு 1933இல் மார்ட்டின் பூபர் என்ற இன்னொரு யூத அறிஞர் அதைத் திரும்பத் திறந்தார், 1938இல் மூடப்பட்டது. அப்பா ஞாபகமாக மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான் என்பார்.

வீட்டுக்காரம்மா ஷப்பாத் பார்ப்பதில்லை, கடவுள் உண்டா என்றால் தோளைக் குலுக்குவார். ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குத் தவறமாட்டார். பனி உறைந்த நடைபாதையில் பிடித்துக்கொள்ள என் கை தேவைப்பட்டது, அப்படித்தான் நானும் போனேன். ஹவ்ரூத்தா என்று இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து தால்மூத் என்ற பழைய மதச் சட்ட விவாத நூலை வாசித்துத் தர்க்கம் செய்வார்கள். அவருடைய ஜோடி ஓய்வுபெற்ற தையல்காரர், எல்லா நியமமும் பார்ப்பவர். பத்தொன்பது வருடமாக இருவரும் ஒரு வரியில் கூட ஒத்துப்போனதில்லை.

அடுத்த வருடம் தையல்காரர் இறந்துபோனார். ஆசிரியர் தாளை என்னிடம் நீட்டி, அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். துக்கத்தில் இருக்கிறார், பெரியவர், வேறென்ன செய்வது? மூன்றாவது வாரம் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, தால்மூத்தில் வரும் ஒரு கதை சொன்னார். ரப்பி யோகனானின் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். இருவரும் மனம் கசந்து, லாகிஷ் இறந்துபோனார். யோகனானின் துக்கத்தைத் தேற்ற இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். அவரோ யோகனான் எதைச் சொன்னாலும் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு" என்றார். யோகனான் வெடித்துவிட்டார்: நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா? லாகிஷ் இருபத்துநான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், அப்படித்தான் விஷயம் தெளியும். துணியைக் கிழித்துக்கொண்டு, எங்கே போனாய் என்று அழுதுகொண்டே அலைந்தாராம்.

அன்று திரும்பி வரும்போது வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, பனியில் தனியாகவே நடந்தார்.

அடுத்த செவ்வாய்க்குள் நூலகத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்சேபம் தயார் செய்தேன். குரல் நடுங்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அதைத் தூள்தூளாக்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் இருபத்துமூன்று பாக்கி."