600 மைல் பந்தயத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

கேள்வி: அமெரிக்காவில், ஷார்லட்டில் மகன் வீட்டில் இருக்கிறோம். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய ஞாயிறன்று நடக்கும் கோகோ-கோலா 600 கார் பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்கலாம் என்கிறான். எனக்கு வயது 68. எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும்?

பதில்: பச்சைக் கொடி காட்டிப் பந்தயம் தொடங்கியதிலிருந்து நாலு, நாலரை மணி நேரம். கார் நிறுத்தி, நடந்து, கூட்டத்தோடு வெளியே வந்து வீடு சேர்வதையும் கூட்டினால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தொடங்கும் பந்தயம் என்பதால் திரும்பும்போது நள்ளிரவைத் தாண்டலாம்.

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரில் இதுதான் மிக நீளமான பந்தயம். ஒன்றரை மைல் தடத்தில் 400 சுற்று. நேரத்தைத் தின்பது தூரம் மட்டுமல்ல, மஞ்சள் கொடியும்தான். ஒரு கார் சுவரில் மோதினால் போதும், எல்லாரும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் சுற்றுக்கு அப்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படி ஐந்தாறு சுற்று ஓடுவதால் ஒவ்வொரு மஞ்சளுக்கும் பத்து நிமிடம் போய்விடும். (கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்து போக அதுதான் சமயம்.) கடைசியில் மோதல் நடந்தால் கூடுதல் சுற்றுகளும் உண்டு. 2022இல் 413 சுற்று ஓடி, ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது.

பழைய பந்தயங்களின் நேரத்தைத் தேடிப் பார்த்துத் திட்டமிடாதீர்கள். சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவைத்த நேரம் அதில் சேராது. நாஸ்காரின் இன்னொரு பந்தயமான டேடோனா 500க்கு 2014இல் பதிவான நேரம் 3 மணி 26 நிமிடம்; மழையால் நின்றது ஆறு மணி நேரத்துக்கு மேல்! ஷார்லட் போன்ற வேகமான வட்டத் தடத்தில் ஈரம் காயாமல் ஓட்ட மாட்டார்கள். பாதித் தூரம் முடிந்தபின் மழை பிடித்துக்கொண்டால், அத்தோடு முடித்து முடிவை அறிவிக்கலாம். அப்போது டிக்கெட் பணம் திரும்பி வராது. ஒத்திவைத்தால் அதே டிக்கெட் மறுநாளுக்குச் செல்லும். மறுநாள் வர முடியாதவர்களுக்கு என்ன தருவார்கள் என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இருக்கை மேல் வரிசையில் எடுங்கள். கீழே விலை குறைவாக இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கத் தடம் தெரியாது. டயர்த் துணுக்குகளும் முகத்தில் தெறிக்கும். படியேற முடியாதென்றால் லிஃப்ட் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கார்களின் சத்தத்துக்குக் காதுக்குள் பஞ்சு போதாது. நுரை அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் வேண்டும்.

இவ்வளவு நேரம் முடியாதென்றால் டென்னசி மாநிலத்தில் உள்ள பிரிஸ்டல் தடத்தில் நடக்கும் 500 பந்தயத்துக்குப் போகலாம். அங்கே பெயரில் வரும் 500 மைல் கணக்கல்ல, சுற்றுக் கணக்கு. ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகம். மொத்தமே 266 மைல்தான். மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கேள்வி: டிவியில் பதிவு செய்து பார்த்தால் கடைசிச் சுற்றுகள் விட்டுப்போகின்றன. ஏன்?

பதில்: அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பந்தயம் அடங்காததுதான். பதிவு முடியும் நேரத்தை 90 நிமிடம் நீட்டிவையுங்கள். மழை வரும்போல் இருந்தால் அதே சேனலில் அடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் அறிமுகமும் தேசிய கீதமும் போகும். முதல் கால் மணி நேரத்தைத் தாராளமாக ஓட்டிவிடலாம்.