55-250 லென்ஸ் போதுமா, 600 வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. பறவைகளைப் படம் எடுக்க ஆசை. வேடந்தாங்கல் போனேன், எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. 150-600 லென்ஸ் வாங்கினால்தான் சரிப்படுமா?

பதில்:

இப்போதைக்கு வாங்காதீர்கள். லென்ஸின் மிமீ எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவன். வேலை வேறு. விடுமுறை நாள் காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரி, வயல் என்று சுற்றுவது பழக்கம். ரொம்ப நாள் என்னிடமும் இதே 55-250 மட்டும்தான் இருந்தது. அதனால் உங்கள் கடுப்பு புரிகிறது.

வேடந்தாங்கல் அருமையான இடம், சந்தேகமே இல்லை. 1798-லேயே அன்றைய கலெக்டர் அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால், ஊர் அதற்கும் முன்பிருந்தே அவற்றைக் காத்து வந்திருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பறவைகள் கூடு கட்டுவது தண்ணீருக்கு நடுவில் நிற்கும் மரங்களில். நாம் நிற்பது கரையில். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றரை மீட்டர் கூழைக்கடா, 250 மிமீ லென்ஸ் வழியாக உங்கள் கேமராவின் சென்சாரில் (உள்ளே படம் பதியும் தகட்டில்) நாலு மில்லிமீட்டர்கூட விழாது. சென்சாரின் அகலம் 22 மில்லிமீட்டர். 600 போட்டாலும் ஒன்பதுதான்.

அதே 250-இல், 10 மீட்டரில் நிற்கும் அரை மீட்டர் உண்ணிக்கொக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் வரும். சென்சாரின் உயரமே 15 மில்லிமீட்டருக்குள்தான். அதாவது பிரேம் நிறைந்துவிடும். லட்ச ரூபாய் லென்ஸ் செய்யும் வேலையை 90 மீட்டர் நெருக்கம் செய்துவிடுகிறது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்: எந்தப் பறவை நம்மை 10, 15 மீட்டர் வரை விடும்?

முதல் இடம் உழவு நடக்கிற வயல். டிராக்டர் சேறு கலக்கும்போது மண்ணுக்குள் இருக்கும் புழு பூச்சி எல்லாம் மேலே வரும். அதற்காக உண்ணிக்கொக்கு, மடையான், மைனா, சில சமயம் அரிவாள் மூக்கனும் சக்கரத்தை ஒட்டியே நடக்கும். அவற்றுக்கு நம்மைக் கவனிக்க நேரமில்லை. வயல்காரரிடம் "அண்ணே, வரப்புல நின்னு ரெண்டு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் புதிதாகச் சேறு பூசிய வரப்பில் மட்டும் கால் வைக்காதீர்கள். இடிந்தால் அடுத்த முறை கண்டிப்பாக வேண்டாம் என்பார்.

இரண்டாவது, உட்கார்ந்த இடத்துக்கே திரும்பி வரும் பறவைகள். பஞ்சுருட்டானும் கரிச்சானும் அப்படி. வேலிக்கம்பியிலோ பட்ட கிளையிலோ உட்கார்ந்திருக்கும், பூச்சியைக் கண்டதும் பாயும், பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். துரத்திப் போகாதீர்கள். அது பறந்ததும் நாலடி முன்னால் போய், அந்தக் கிளையில் ஃபோகஸ் வைத்துவிட்டு நில்லுங்கள். பஞ்சுருட்டான் தேனீயோடு வந்தால் உடனே விழுங்காது. அலகு நுனியில் பிடித்து, கிளையில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று அடிக்கும். பிறகு தேனீயின் வாலைக் கிளையில் வைத்துத் தேய்த்து விஷத்தை வெளியேற்றும். அதன் பிறகுதான் தூக்கிப் போட்டு விழுங்கும். 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும் என்றாலும், இந்தச் சடங்கு முடிவதற்குள் ஒரு நல்ல படமாவது மாட்டிவிடும்.

மூன்றாவது, சாலையை ஒட்டிய நீர்நிலைகள். கேளம்பாக்கம் உப்பங்கழியில் நெடுங்கால் உள்ளான், பெரும்பாக்கத்தில் நீலத் தாழைக்கோழி. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பறவைகள் வண்டியைக் கண்டு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, வண்டியிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டுதான் பயப்படுகின்றன. காரில் போனால் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, உள்ளேயே இருங்கள். துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டு வாயைத் தைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸ் அசையாமல் உட்காரும். டிரைபாடெல்லாம் தேவையே இல்லை. பைக்காக இருந்தால் அதன் பின்னால் குந்தி உட்காருங்கள்.

குந்தி உட்காருவது இன்னொரு விதத்திலும் முக்கியம். நின்றபடி எடுத்தால் கொக்குக்குப் பின்னால் சேறுதான் தெரியும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி வெகுதூரத்துக்குத் தள்ளிப்போய், எஃப் 5.6-லேயே (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு) மெத்தென்று மங்கிவிடும். முழங்காலில் சேறு படும், பரவாயில்லை.

அடுத்து செட்டிங்ஸ். இதில் ஆளுக்கொரு மந்திரம் சொல்வார்கள். நான் சொல்வது உங்கள் கேமராவுக்கு மட்டும். ஏவி மோடில் (துளையை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) எஃப் 5.6 வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 400-இல் தொடங்குங்கள். விடிந்தும் விடியாத நேரமென்றால் 800, 1600 வரை போகலாம். ஷட்டர் வேகத்தில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடியைவிட மெதுவாகப் போகக் கூடாது, பறக்கும் பறவைக்கு 1/1600 வேண்டும். ஃபோகஸ் ஏஐ சர்வோவில் (நகரும் பறவையை விடாமல் தொடரும் முறை), நடுப்புள்ளி மட்டும். அந்தப் புள்ளி கண்ணில் விழ வேண்டும். இறகு எவ்வளவு துல்லியமாக வந்திருந்தாலும் கண் மங்கியிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுவேன். ரா ஃபார்மட்டில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள், ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பஃபர் (படங்கள் கார்டுக்குப் போகுமுன் தங்கும் இடம்) நிரம்பிவிட்டால் முக்கியமான நொடியில் கேமரா கை விரித்துவிடும்.

வெள்ளைக் கொக்கு ஏன் வெறும் வெள்ளைக் காகிதம்போல வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். கேமராவுக்கு அது கொக்கு என்று தெரியாது. பிரேமில் பெரும்பகுதி கரும்பச்சை நாற்றாக இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று மொத்தத்தையும் வெளிச்சமாக்கும். வெள்ளை வெந்துபோகும், இறகின் வரிகள் எல்லாம் காணாமல் போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1-க்கு இறக்குங்கள். வெளுத்த வானத்தை வைத்து எடுக்கும் கரிச்சானுக்கு நேர் எதிர், பிளஸ் 1 வேண்டும். கொக்கே பிரேம் முழுக்க நிறைந்துவிட்டால் மைனஸ் வேண்டாம். எடுத்ததும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) திரையைப் பாருங்கள். வெந்துபோன இடங்கள் சிமிட்டிக் காட்டும்.

நேரம்: சூரியன் உதித்து இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். உங்கள் நிழல் பறவையின் பக்கமாக விழ வேண்டும். காலை பத்துக்கு மேல் தரை சூடாகி, காற்று அலையாட ஆரம்பித்துவிடும். அப்போது தூரத்துப் பறவையை எந்த லென்ஸில் எடுத்தாலும் கலங்கித்தான் வரும். "லென்ஸ் ஷார்ப்பாக இல்லை" என்ற புலம்பலில் பாதி இந்த அனல் செய்யும் வேலை. அந்நேரம் டீக்கடைக்குப் போய்விடுவது உத்தமம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். கூட்டம் பறக்கட்டும் என்று கல் எறிவது, கை தட்டுவது, கூட்டுக்கு முன்னால் இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு எடுப்பது, இதெல்லாம் வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது வேட்டையாடுவதில் அடங்கும். ஆந்தைப் பொந்து கண்ணில் பட்டால் படத்தை வேண்டுமானால் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். இரண்டே நாளில் அங்கே ஒரு கும்பல் நிற்கும்.

வேடந்தாங்கலுக்குத் திரும்பப் போக ஆசையா? டிசம்பர், ஜனவரியில் சாயங்காலமாக, 18-55 மாட்டிக்கொண்டு போங்கள். இரை தேடப் போன நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். மரம், தண்ணீர், வானம் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். தனிப் பறவையின் படத்தைவிட அந்த ஊரின் படம் அதுதான் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் ஒரு சீசன் செய்து பார்த்த பிறகும் கை நீளவில்லை என்று தோன்றினால் 150-600 வாங்குங்கள். எடை ஏறக்குறைய இரண்டு கிலோ, உங்கள் 55-250 அரைக் கிலோகூட இல்லை. முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கழுத்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். பழைய லென்ஸ் என்றால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில் சகஜம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரிசெய்யும் செலவு ஒருபக்கம், அதே பெட்டியில் வைக்கும் மற்ற லென்ஸுக்கும் பரவக்கூடும்.