சிரிக்காதபோதும் தெரியும் கன்னக்குழி: கும்பகோணம் சகோதரிக்குப் பதில்

சகோதரி, சிரித்தால் கன்னத்தில் குழி விழுவதற்கான அறுவை முடிந்து பத்து நாளாகியும் வாயை மூடியிருக்கும்போதே குழி தெரிகிறது, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். வாயின் உட்புறமாகக் கன்னத் தசையைத் தோலின் அடிப்பகுதியோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் தோலை இழுத்துப் பிடித்திருக்கும்வரை சும்மா இருந்தாலும் குழி தெரியும். சில வாரங்களில் இழுப்பு தளர்ந்து, பெரும்பாலும் சிரிக்கும்போது மட்டுமே விழும். சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகும்; நிச்சயதார்த்தத்தன்று லேசாகத் தெரிந்தால் தெரியட்டும். விரலால் நீவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. விருந்துக்குப் போய் வெற்றிலை போட்டதாகச் சொல்கிறீர்களே! நம் ஊர்க் கொழுந்து வெற்றிலையே ஆனாலும், சுண்ணாம்பு புண்ணை அரிக்கும், சீவல் தையலில் சிக்கும். புண் ஆறும்வரை தாம்பூலத்தைக் கையில் வாங்கிக்கொள்வதோடு நிறுத்துங்கள். காபியை நன்றாக ஆற்றிக் குடியுங்கள். குழையப் பிசைந்த தயிர்சாதம் போதும். முறுக்கு, சீடை பக்கம் போகாதீர்கள். சாப்பிட்டதும் மருத்துவர் தந்த மருந்தால் வாய் கொப்பளியுங்கள்.

வடிந்த வீக்கம் மறுபடி ஏறினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் தூக்காவிட்டாலோ அன்றே அறுவை செய்தவரைப் பாருங்கள். அவர் திருச்சியில் இருக்கிறார் என்று தள்ளிப்போடாமல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது காட்டிவிடுங்கள்.