மீட்டர் பழுதில்லை, இரவுக் காற்றுதான் காரணம்

வெயிலில் காயப்போட்ட கோதுமை, ஈரம் அளக்கும் மீட்டரில் மாலையில் 13% காட்டியது, காலையில் 15% காட்டுகிறது, மழையே இல்லை, மீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோதுமை காற்றுக்கு ஈரத்தை விடவும் செய்யும், அதனிடமிருந்து வாங்கவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 70% அளவில் நீடித்தால் தானியம் ஏறக்குறைய 14%-இல் வந்து நிற்கும். 90% என்றால் 19-ஐ நோக்கி ஏறும். பகலில் எவ்வளவு காய்ந்தாலும், வானம் தெளிந்த, காற்றில்லாத இரவில் பனி இறங்கினால் மேல் மணிகள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் தோலோடு நிற்கும்போது மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

வெயிலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். புழுக்கமான வெயிலைவிட, மேகம் மூடியிருந்தாலும் வறண்ட காற்று வீசும் நாள் சில சமயம் நன்றாகக் காய்ச்சும்.

சூரியன் சாய்ந்து காற்று குளிரத் தொடங்கும் முன்பே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பரப்பியே விடுவதுதான் வம்பு. காலையில் பாயின் அடிப்பக்கம் நீர் முத்து முத்தாக நிற்கும், அது குவியலில் சொட்டாமல் உருவி எடுங்கள். தரையில் பனி உலர்ந்த பிறகே மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பிக் கிளறிவிடுங்கள்.

மாதிரியை மேலிருந்து மட்டும் அள்ளாமல் அடிவரை பல இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் சூடு ஆறியபின் அளந்து பாருங்கள். 12%-க்கு வந்தால் மூட்டை கட்டலாம், ஆனால் சுடச்சுடக் கட்டாதீர்கள்.