வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் நேரத்தில் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு இறைநம்பிக்கை இல்லையா?

விசா இன்னும் வரவில்லை, பணம் புரட்டியாகிவிட்டது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போகவிருக்கும் ஜெர்மனியில்தான் நானும் மேற்படிப்பு படித்தேன். ஊர் கீழக்கரை. கொழும்பு, பர்மா, அப்புறம் வளைகுடா என்று ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சபர் (பிழைப்புக்காகக் கடல் கடந்த பயணம்) போன ஊர்தான். ஆனால் மகளைத் தனியாகப் படிக்க அனுப்புவது என்றதும் என் உம்மாவுக்குச் சபரே முன்பின் தெரியாத விஷயமாகிவிட்டது.

பயம் ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, எதிரி இல்லை. எகிப்தின் கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லி இறைவனே கட்டளையிட்ட பிறகும், மூஸா நபியும் ஹாரூன் நபியும் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதாகக் குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் வருகிறது. அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. பயப்படாதீர்கள், நான் உங்களோடு இருக்கிறேன், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன் என்ற பதில்தான் கிடைத்தது. நபிமார்களுக்கே வந்த பயம் உங்களுக்கும் எனக்கும் வரக்கூடாதா என்ன?

என்னைப் பிடித்து நிறுத்தியது யூசுப் அத்தியாயத்தில் வரும் ஓர் இடம். யஃகூப் நபி தம் பிள்ளைகளை எகிப்துக்கு அனுப்புகிறார். ஏற்கெனவே ஒரு மகனைப் பறிகொடுத்த தகப்பன். எல்லோரும் ஒரே வாசல் வழியாகப் போகாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் நுழையுங்கள் என்று யோசனை சொல்கிறார். சொன்ன கையோடு, அல்லாஹ்வின் முடிவிலிருந்து என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது, அவனையே நம்பியிருக்கிறேன் என்கிறார். யோசனையும் உண்டு, கைவிரிப்பும் உண்டு. இரண்டும் ஒரே வசனத்தில். விமான நிலையத்தில் வாப்பா பத்திரம் பத்திரம் என்று சொல்லிவிட்டு, அல்லாஹ் இருக்கான் என்று முடித்தபோது எனக்கு அந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது.

என் வகுப்புத் தோழி தேவிபட்டினத்துக்காரி. அவள் இதையே வேறு விதமாகச் சொல்வாள்: இலங்கைக்குப் போகும் முன் ராமர் எங்கள் ஊர்க் கடலில் நவகிரகங்களை வைத்துக் கும்பிட்டார் என்பார்கள், ஆனால் கும்பிட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை, அணையும் கட்டினார்!

அதனால் அணை கட்டுகிற வேலையை முடியுங்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கையில் இருக்கிறதா, விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ கேட்கிறார்கள். அந்தப் பணம் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் என்பதை வீட்டில் பொறுமையாக விளக்குங்கள். எங்கள் வீட்டில் வட்டிக் கடன் வேண்டாம் என்று மாமாவிடம் கைமாற்றாக வாங்கினோம். என் பயத்தில் பாதி இந்தப் பணம்தான். கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு அது கொஞ்சம் அடங்கியது. தொழுகையால் அடங்கியது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அது உண்மையில்லை.

தொழுகை உதவியது வேறு இடத்தில். விசா வருமா வராதா என்பது என் கையில் இல்லையே, அங்கே. தினமும் இஸ்திகாரா, அதாவது எது நல்லதோ அதைக் கொடு என்று இறைவனிடம் கேட்கும் தொழுகை, தொழுதேன். கனவு வந்ததா, பச்சை தெரிந்ததா, வெள்ளை தெரிந்ததா என்று லாத்தா (அக்கா) கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தத் தொழுகை பற்றி நபித்தோழர் ஜாபிர் அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் (நபிமொழியில்) கனவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, இது எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு விலக்கு, நல்லது எங்கே இருந்தாலும் அதைக் கொடுத்து அதில் எனக்குத் திருப்தியையும் கொடு என்று கேட்கிற துஆ அது. அந்தத் திருப்தியைக் கேட்பதுதான் கஷ்டம். விசா கொடு என்று கேட்பது சுலபம். விசா வராவிட்டாலும் நான் நொறுங்கிப்போகாமல் பார்த்துக்கொள் என்று கேட்க எனக்கு நாள் பிடித்தது.

இத்தனை தடவை ஓதினால் விசா உறுதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் நான் அனுப்புவதும் இல்லை, நம்புவதும் இல்லை. அது பேரம்.

எனக்கு வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் விசா வந்தது. தாமதமாகச் சேர அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தேன். நீங்களும் இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, போன பிறகு தேவைப்படும். அங்கே டிசம்பரில் நாலு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), மஃரிப் (அந்தி) தொழுகைகள் மூன்றும் சுமார் நாலு மணி நேரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஜூனில் மஃரிபுக்கே ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். சில பல்கலைக்கழகங்களில் எல்லா மதத்தினருக்கும் பொதுவாக அமைதி அறை உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.